கண்டும் காணாத கண்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் வரலாறு

ஆங்கில மொழியில் வழங்கும் மரபுத்தொடர்களுள் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பதும் ஒன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’ என்றாகும். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணவர் சிலர் அவ்வாறே எழுதிவிடுவதும் உண்டு. ஒன்றைக் கண்ட பின்னும் காணாதவர்போல் நடந்துகொள்ளுதல் என்பதே இதன் பொருள். உரிமமின்றி நடக்கும் தொழிலை அதிகாரி தடுக்காமல் விட்டாலும், பேருந்தில் சீட்டின்றி வந்த சிறுவனை நடத்துநர் கேளாமல் விட்டாலும், ஆங்கிலேயர் இந்த ஒரு தொடரையே வழங்குவர்.

இத்தொடர் எப்படிப் பிறந்தது என்று வினவினால் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறுவர். நெல்சன் என்னும் புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் ஒரு கண் பார்வையை இழந்தவர். ஒரு போரில் அவருடைய மேலதிகாரி, போரை நிறுத்துமாறு கொடியேற்றி ஆணையிட்டார். நெல்சனோ தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டு, தமக்குக் கொடியொன்றும் தெரியவில்லை என்று கூறிவிட்டுப் போரைத் தொடர்ந்து வென்றார். அன்றுமுதல் இத்தொடர் வழக்கிற்கு வந்தது. கதை இவ்வளவுதான். வகுப்பறையில் சொல்வதற்குச் சுவையானது. மாணவர் மறக்கவும் மாட்டார்கள். ஆயினும் வரலாற்றோடு ஒட்டி வைத்துப் பார்க்குங்கால், இக்கதையிற் பல செய்திகள் வேறுவிதமாகத் தோன்றுகின்றன. கதையிலிருந்து முற்றாக விடுபட்டுப்போன மனிதர் ஒருவரும் இருக்கின்றார்.

அந்தப் போர், 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகன் நகரின்முன் நிகழ்ந்தது. அக்காலத்தில் இங்கிலாந்து பிரான்சுடன் போரில் ஈடுபட்டிருந்தது. பிரான்சுக்குப் பொருள் போகாமல் தடுப்பதற்காக, போரிற் சேராத நாடுகளின் வணிகக் கப்பல்களையும் ஆங்கிலேயர் வழிமறித்துச் சோதித்தனர். இதனை எதிர்த்து இரசியா, சுவீடன், டென்மார்க், பிரசியா ஆகிய நாடுகள் 1800ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கூட்டணி அமைத்தன. இங்கிலாந்து அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. அதன் கப்பல்களுக்கு வேண்டிய பாய்மரத் தடிகளும், கயிறு திரிக்கும் சணலும், கீலும் பால்டிக் கடற்பகுதியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அவ்வழி அடைபட்டால் கடற்படையே முடங்கும். எனவே சர் ஹைட் பார்க்கர் என்பார் தலைமையில் ஒரு பெரும் கப்பற்படையை அனுப்பிவைத்தனர். நெல்சன் அதில் இரண்டாம் தலைவர்.

பார்க்கர் அறுபதைக் கடந்தவர்; எச்சரிக்கை மிகுந்தவர். நெல்சனுக்கு அப்போது வயது 42. 1794இல் கோர்சிக்காத் தீவின் கால்வி முற்றுகையில், எதிரியின் குண்டு மோதிச் சிதறிய மணலும் கல்லும் தாக்கி வலக்கண் பார்வை போயிற்று. 1797இல் தெனரீஃப் தீவில் வலக்கையும் போயிற்று. பார்வை போன கண் வெளித்தோற்றத்திற்கு மற்றக் கண்ணைப் போலவே இருந்தது. படங்களில் நாம் காணும் கறுப்புக் கண்மூடியை அவர் அணிந்ததே இல்லை. கூசும் ஒளியைத் தடுக்க, எஞ்சிய நல்ல கண்ணுக்குமேல் நிழல்மறைப்பு ஒன்று வைத்துக்கொண்டதுண்டு. அதுவே பின்னாளில் குருட்டுக் கண்ணுக்கு இடம்மாறிக் கண்மூடி ஆயிற்றுப் போலும்.

கோப்பன்ஹேகன் துறைமுகத்தின் முன்னால் நீண்ட மணல்திட்டு ஒன்று உண்டு. திட்டுக்கும் நகருக்கும் இடையிலுள்ள குறுகிய கால்வாயில் டென்மார்க்கியர் தங்கள் கப்பல்களையும் மிதவைப் பீரங்கி மேடைகளையும் நங்கூரமிட்டு வரிசையாக நிறுத்தியிருந்தனர். வரிசையின் வடமுனையில் ‘மூன்று முடி’ எனப் பொருள்படும் திரெக்ரோனர் கோட்டை காவலாக நின்றது. அக்கோட்டையை நேரே தாக்காமல், தெற்கிலிருந்து கால்வாய்க்குள் நுழைவதே நெல்சனின் திட்டம். 12 பெரிய போர்க்கப்பல்கள் அவருக்கு ஒப்படைக்கப்பட்டன. அவருடைய வழக்கமான தலைமைக் கப்பல் ஆழம் குறைந்த நீரிற் செல்ல இயலாதென்பதால், சற்றுச் சிறிய ‘எலிஃபண்ட்’ என்னும் கப்பலுக்கு மாறினார். பார்க்கர் எஞ்சிய கப்பல்களுடன் வடக்கே தொலைவில் நின்றார். நெல்சனுக்கு உதவிய தென்றற்காற்றே பார்க்கருக்கு எதிர்க்காற்றாயிற்று. போர் நடந்த நேரம் முழுவதும் அவரால் அருகே வர இயலவில்லை. இதனை நினைவிற் கொள்ளவேண்டும். ஆணை பிறந்த இடம் போர்க்களத்திலிருந்து சில கல் தொலைவில் இருந்தது.

காலை பத்து மணியளவில் சண்டை தொடங்கியது. தொடக்கமே நன்றாக அமையவில்லை. 12 கப்பல்களில் மூன்று மணல்திட்டில் தரைதட்டி நின்றுவிட்டன. டென்மார்க்கியர் எவரும் எதிர்பாராத உறுதியோடு போரிட்டனர். வீழ்ந்த வீரர்களின் இடத்தில் நகரிலிருந்து படகுகளில் வந்தவர்கள் ஏறி நின்று பீரங்கியை இயக்கினர். நண்பகல் கடந்தும் முடிவு தெரியவில்லை. தொலைவில் நின்ற பார்க்கரின் கண்ணுக்குப் புகைமூட்டமும், தரைதட்டிய கப்பல்கள் ஏற்றிய இடர்க்கொடிகளுமே தெரிந்தன. பிற்பகல் ஒன்றரை மணியளவில் 39ஆம் எண் கொடியை ஏற்றினார். கடற்படையின் குறிநூற்படி அதற்குப் ‘போரை நிறுத்துக’ என்று பொருள்.

இங்கே பார்க்கருக்காகவும் ஒரு சொல் கூறவேண்டும். நெல்சன் போரைத் தொடரும் நிலையில் இருந்தால் ஆணையைப் பொருட்படுத்தமாட்டார். தொடர முடியாத நிலையில் இருந்தால், பின்வாங்கிய பழி அவர்மேல் விழாதிருக்க இக்கொடி துணைசெய்யும் என்று பார்க்கர் கருதியதாக ஒரு செய்தி உண்டு. 1757இல் பிங் என்னும் கடற்படைத் தலைவரை, எதிரியை முறியடிக்க முழுமுயற்சி செய்யவில்லை என்ற குற்றத்திற்காகக் கப்பலின் மேல்தளத்திலேயே சுட்டுக் கொன்ற நாடு இங்கிலாந்து. ஆகவே பின்வாங்குவோர்க்கு மேலதிகாரியின் எழுத்தோ கொடியோ அரணாக வேண்டியிருந்தது உண்மையே. ஆனால் 39ஆம் எண் கொடி நெல்சன் ஒருவருக்கு மட்டும் ஏற்றப்பட்டதன்று. எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவாக ஏற்றப்பட்டது. நல்லெண்ணம் இருந்திருப்பினும், அது கொடியில் எழுதப்பட்டிருக்கவில்லை.

எலிஃபண்ட் கப்பலில் நடந்ததை, அன்று நெல்சனுடன் மேல்தளத்தில் நின்ற தரைப்படைத் தளபதி வில்லியம் ஸ்டூவர்ட் பின்னர் எழுதிய குறிப்பினால் அறிகின்றோம். கொடியைக் கண்ட குறியாளர் நெல்சனிடம் ஓடிவந்து, அதனை மற்றக் கப்பல்களுக்குத் திரும்ப ஏற்றிக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம், கிடைத்ததென்று மட்டும் மறுமொழிக் கொடி காட்டுக என்றார் நெல்சன். பிறகு, ‘எதிரியை நெருங்கித் தாக்குக’ எனப் பொருள்படும் 16ஆம் எண் கொடி இன்னும் பறக்கின்றதா என்று வினவி, அது அப்படியே பறக்கட்டும் என்று பணித்தார். தளத்தில் அங்குமிங்கும் நடந்தார். எஞ்சியிருந்த வலக்கைத் துண்டம் துடித்தது. அவர் உள்ளம் கொதிக்கும்போது அவ்வாறு துடிக்குமாம். அதன் பின்னரே, கப்பலின் தலைவர் ஃபோலியைப் பார்த்து, தமக்கு ஒரு கண்தான் உண்டென்றும் சில வேளை குருடாக இருக்கத் தமக்கு உரிமை உண்டென்றும் கூறித் தொலைநோக்கியை உயர்த்தினார் என்பது கதை.

ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்திற் சற்று நின்று பார்க்க வேண்டும். கொடியைக் காணவில்லை என்று சொன்னவர், கொடியைக் கண்டேன் என்பதற்கான மறுமொழிக் கொடியை அதற்கு முன்பே ஏற்றிவிட்டார்! கப்பற்படை ஒழுங்கின்படி ஆணை அவருக்குச் சேர்ந்தாயிற்று. சேர்ந்த ஆணையைத் தம் கீழுள்ள கப்பல்களுக்குக் கடத்தாமல் நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. தளத்தில் நின்ற அனைவரும் இதனை அறிவர். ஆகவே தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தது, எவரையும் ஏய்ப்பதற்காகச் செய்த சூழ்ச்சியாக இருந்திருக்க இயலாது. நண்பர்முன் செய்த கசப்பான நகை அது. மீறியவர் தாமே என்பதை அவர் மறைக்கவும் இல்லை. கட்டளைக்கு மாறாகப் போரிட்டுவிட்டேன், தூக்கிலிட்டாலும் இடுவார்கள் என்று போர் ஓய்ந்தபின் அவர் கூறியதாகவும் சொல்வர்.

தொலைநோக்கிச் செய்தியையே ஐயுறும் வரலாற்றறிஞர் உளர். ஸ்டூவர்ட்டின் விரிவான குறிப்பு போர் முடிந்த சூட்டோடு எழுதப்பட்டதன்று. நெல்சன் 1805இல் திரபால்கர் போரில் மாண்டு, நாடு போற்றும் வீரராகிவிட்ட பிறகே இக்கதை அச்சேறிப் பரவியது. கவிஞர் இராபர்ட் சதி 1813இல் வெளியிட்ட நெல்சன் வரலாற்றை ஆங்கிலச் சிறுவர் தலைமுறை தலைமுறையாகப் படித்தனர். கதை நிலைபெற்றதற்கு அந்நூல் பெருங்காரணம். ஆணையை மீறிய செய்தியில் ஐயமில்லை. தொலைநோக்கி கண்ணுக்குப் போயிற்றா என்பதில்தான் ஐயம்.

மரபுத்தொடரைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. ‘குருட்டுக் கண்’ என்னும் இச்சொல்லாட்சி 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில எழுத்தில் காணப்படுகின்றது. அதாவது நெல்சன் பிறப்பதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. எனவே நெல்சனால் தொடர் பிறந்தது என்பது பொருந்தாது. என் கருத்தில் இதனைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பதே பொருத்தம். மக்கள் வழக்கில் முன்பே இருந்த தொடரை அறிந்திருந்த நெல்சன், உண்மையிலேயே ஒரு கண் குருடான தம் நிலையை அதனோடு இணைத்துச் சிலேடையாகப் பேசியிருக்கலாம். தொடர் கதையைப் பிறப்பித்தது. கதை தொடரை வாழ்வித்தது. மரபுத்தொடர்களுக்குக் கூறப்படும் தோற்றக் கதைகள் பலவற்றிலும் இத்தகைய திருப்பத்தைக் காணலாம். நம் பழமொழிகளுக்குக் கட்டப்படும் கதைகளை மாணவர்க்குச் சொல்லும்போதும், எது முந்தியது என்ற வினாவை ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது நன்று.

போர் எவ்வாறு முடிந்தது என்பதையும் கூறிவிடுவோம். டென்மார்க்கியரின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்நிலையில் நெல்சன், டென்மார்க்கியரை ஆங்கிலேயரின் உடன்பிறப்புகள் என விளித்துப் பட்டத்து இளவரசருக்கு ஒரு மடல் எழுதினார். சுடுதல் நிற்காவிடின், கைப்பற்றிய மிதவைகளை அவற்றிலுள்ள வீரர்களைக் காப்பாற்றாமலே கொளுத்த நேரும் என்று அதில் எச்சரித்தார். மடலை ஒட்ட எளிய பசைவில்லையைக் கொடுத்தபோது மறுத்து, அரக்கு முத்திரைதான் வேண்டும் என்றார். அவசரத்தில் எழுதியதாக எதிரி எண்ணிவிடலாகாது என்பது அவர் கருத்து. காண வேண்டியவர் எதைக் காண வேண்டும் என்பதில் அவருக்கிருந்த கூர்மை வியப்பிற்குரியது. போர்நிறுத்தம் ஏற்பட்டது. இருபுறமும் சேர்த்து 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெல்சனின் கப்பல்கள் கால்வாயைவிட்டு வெளியேறுங்கால், எலிஃபண்ட் உள்ளிட்ட சில தரைதட்டி நின்றன. அதுவும் பீரங்கிகள் ஓய்ந்த பின்னர்! பார்க்கரின் ஆணைப்படி சண்டைக்கு நடுவே திரும்பியிருந்தால், திரெக்ரோனர் கோட்டையின் வாய்க்கு நேரே அவை சிக்கியிருக்கும். களத்தில் நின்றவரின் கணிப்பே சரியாயிற்று. கூட்டணிக்கு முதல்வராயிருந்த இரசிய மன்னர் பவுல், போருக்கு முன்பே மார்ச்சுத் திங்களில் கொலையுண்டிருந்தார். அச்செய்தி அன்று கோப்பன்ஹேகனுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அந்த 600 உயிர்கள் எதற்காகப் போயின என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. மே மாதம் பார்க்கர் திரும்ப அழைக்கப்பட்டார். தலைமை நெல்சனுக்கு வந்தது.

இனி, இத்தொடரைத் தமிழில் எவ்வாறு சொல்வது? ‘கண்டும் காணாமல் இருத்தல்’ என்பது நெடுங்காலமாக நம்மிடம் உள்ள வழக்கு. ஆங்கிலத் தொடரில் உள்ள மூன்று கூறுகளும், அதாவது காண்பதும், செயற்பட வல்லவராயிருப்பதும், செயற்படாதிருக்கத் தாமே தேர்ந்துகொள்வதும், இதில் அடங்கியுள்ளன. ‘பாராமுகம்’ இதற்கு நேராகாது. அது அன்பு குன்றிய புறக்கணிப்பு. உறவினர் முகங்கொடுத்துப் பேசாதது பாராமுகம். ‘கண்மூடித்தனம்’ இன்னும் தொலைவு. அது ஆராயாமற் செய்யும் செயலைக் குறிக்கும். இங்கோ ஆராய்ந்தே செய்யாமல் விடப்படுகின்றது. ‘கண்ணை மூடிக்கொண்டார்’ என்று எழுதலாம். ஆனால் மாணவர் ‘கண்ணை மூடினார்’ என்று எழுதிவிட்டால் அந்த அதிகாரி இறந்தே போய்விடுவார்! மலாய்மொழியிலும் ‘துத்தூப் மாத்தா’ என்பதற்கு இவ்விரு பொருளும் உண்டு என்பது எண்ணி மகிழத்தக்கது.

நம் வள்ளுவப் பெருந்தகை ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். இன்று அச்சொல்லை ‘பார்வைக்கோணம்’ என்ற பொருளில் வழங்கி வருகின்றோம். குறளில் அது இரக்கத்தோடு பிறர்மேற் கண் ஓடுதலைக் குறிக்கும். பிழை செய்தாரைப் பொறுத்தலும் அதனுள் அடங்கும். ஆங்கிலத்தார் பொறுத்தருள்வதைக் காணாமை என்றனர். நம்மவரோ அதனையும் காண்பதன் ஒரு வகையாகவே கருதினர். பள்ளியில் காலணி அறுந்து வந்த மாணவனிடம் சீருடை விதியை எடுத்துரைக்காமல் விடும் ஆசிரியர் எதைச் செய்கிறார்? ஆங்கிலத்தில் அவர் குருட்டுக் கண்ணைத் திருப்புகிறார். குறளின் வழியில் கண்ணோடுகிறார். கையூட்டை வாங்கிக்கொண்டு குற்றத்தை விட்டுவிடும் அலுவலருக்குக் ‘கண்ணோட்டம்’ என்னும் சொல்லைத் தமிழர் எவரும் வழங்கார். ஆங்கிலம் ஒரே தொடரால் இருவரையும் சுட்டிவிடுகின்றது. ஆகவே மொழிபெயர்ப்போர், யார், எதை, எதன்பொருட்டுக் காணாது விட்டார் என்பதைப் பத்தி முழுவதும் படித்தறிந்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.

அவ்வகையில் பார்த்தால், இத்தொடர் இன்று வழங்கும் பொருளுக்கும் நெல்சன் கதைக்கும் இடையே ஒரு பெரும் பிளவு தெரிகின்றது. இன்று குருட்டுக் கண் உடையவர் பொறுப்பிலிருந்து நழுவுகின்றார். தமக்குத் தெரியாது என்பதே அவருக்குக் காப்பு. 1801இல் கொடியைக் காணாதவரோ குண்டுகள் பாயும் தளத்தில் நின்று, பொறுப்பு முழுவதையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். வென்றமையால் அவருக்கு உயர்பட்டம் கிடைத்தது. தோற்றிருந்தால் பிங் கண்ட முடிவு அவருக்கும் காத்திருந்தது.

கொடியைக் கண்டு, கண்டபடியே நடந்தவர்களும் அன்று இருந்தனர். மூன்றாம் தலைவராகிய கிரேவ்ஸ், பார்க்கரின் கொடியைத் தம் கப்பலில் எளிதிற் புலப்படாத இடத்தில் ஏற்றிவிட்டு, நெல்சனின் 16ஆம் எண் கொடியை இறக்காமல் வைத்துக்கொண்டார். இரு தலைவர்க்கும் கீழ்ப்படிந்த அந்த அறிவுடைமையை எப்பெயரால் அழைப்பது என்று தெரியவில்லை! சிறு கப்பல்களின் அணிக்குத் தலைவராயிருந்த எட்வர்டு ரியூவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தரைதட்டிய பெரிய கப்பல்கள் நிற்கவேண்டிய இடத்தில், திரெக்ரோனர் கோட்டைக்கு எதிரே, தம் ‘அமேசான்’ கப்பலையும் மற்றச் சிறு கப்பல்களையும் நிறுத்திப் போரிட்டுக்கொண்டிருந்தவர் அவர். வரிசையின் வடகோடியில் நின்றமையால் பார்க்கரின் கொடி அவர் கண்ணில் பட்டது.

ரியூ அஞ்சி ஓடுபவர் அல்லர். 1789இல் ஆஸ்திரேலியக் குடியேற்றத்திற்குப் பொருள் ஏற்றிச் சென்ற ‘கார்டியன்’ கப்பல் தென்கடலில் பனிப்பாறைமேல் மோதி உடைந்தபோது, பலர் படகுகளில் ஏறிப் போய்விட, அவர் கப்பலைவிட்டு நீங்காமல் எஞ்சியோரோடு வாரக்கணக்கில் நீரிறைத்து, நன்னம்பிக்கை முனைக்கு அதனைக் கொண்டுசேர்த்தவர். அத்தகையவர் கொடியைக் கண்டு, கப்பலைத் திருப்புமாறு பணித்தார். மரச்சிதர் பாய்ந்து தலையிற் புண்பட்டு, ஒரு பீரங்கியின்மேல் அமர்ந்திருந்தார். நெல்சன் நம்மைப்பற்றி என்ன நினைப்பார் என்று வருந்தியதாகச் சொல்வர். கப்பல் திரும்பியதும் அதன் பின்புறம் கோட்டைக்கு நேரானது. பாய்ந்து வந்த குண்டுகளால் அவருடைய எழுத்தரும், அருகே நின்ற வீரர் சிலரும் வீழ்ந்தனர். அடுத்த குண்டு ரியூவின் உடலை இரண்டாகத் துண்டித்தது.

அவர் கண்ட கொடி உண்மையில் ஏற்றப்பட்ட கொடி. அவர் செய்தது கடற்படை விதி செய்யச் சொன்ன செயல். ஆயினும் அவர் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு தொடரும் வழங்கவில்லை. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில், அதே போரில் மாண்ட மோஸ் என்னும் கப்பல் தலைவரோடு சேர்த்து அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. 1806ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் நெல்சன் அடக்கம் செய்யப்பட்டதும் அதே ஆலயத்தின் நிலவறையில்தான்.